ஜீப்புக்கும் டீக்கும் நடுவே ஒரு ஹைப்ரிட்

பத்திரிகைத் தொழிலில் கரடியைப் பற்றி எழுதினால் கரடி கோபித்துக்கொள்வதில்லை. ஒரு பொருளை வாங்கலாமா, வேண்டாமா என்று எழுதினால் வாங்கியவர், வாங்காதவர், விற்றவர் மூவரும் கோபித்துக்கொள்வார்கள்.

கல்யாணப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யாராவது உங்களிடம் "எந்த போன் வாங்கலாம்?" என்று கேட்டிருந்தால் இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருப்பீர்கள். அந்த போன் மறு மாதமே சூடாகியிருக்கும். அதற்குப் பிறகு அவர் வீட்டு வழியாகப் போவதையே விட்டிருப்பீர்கள். நான் ஜமுனாமரத்தூரில் இருக்கிறேன், ஒரு நாளிதழின் நிருபர். ஜவ்வாது மலை முழுக்க என் எல்லை. வராத பஸ், வந்த கரடி, காட்டுத் தீ, மந்திரி வருகை, அந்த வருகை ரத்து என்று ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தவனை ஒரு விளையாட்டு மிஷினிடம் மாட்டிவிட்டார்கள். என்னைப் போலவே மாட்டிக்கொண்ட அன்பர்களுக்காக அந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஏன் நான்?

வேலூரிலிருந்து எங்கள் பொறுப்பாசிரியர் போன் செய்தார். வாரத்துக்கு ஒரு நாள் "வாங்கலாமா?" என்று ஒரு பகுதி தொடங்குகிறார்களாம். முதல் பொருளாகப் புதிதாக வந்திருக்கும் ஒரு கேம் கன்சோல். கையில் பிடித்தும் விளையாடலாம், கூடவே வரும் ஒரு ஸ்டாண்டில் சொருகினால் டி.வி.யிலும் விளையாடலாம். இரண்டும் ஒன்றிலேயே இருப்பதால் அதை ஹைப்ரிட் என்கிறார்கள். கடைக்காரர் ஒருவர் கொஞ்ச நாளைக்கு இரவல் தருகிறார். ஓட்டிப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

எனக்குச் சீட்டுக்கட்டில் ஜாக்கியே யாரென்று தெரியாது, ஆபீஸில் இருக்கும் இளவட்டங்களிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மசியவில்லை. "கரண்டு இல்லாத எடத்துல வெளாடத்தான்யா இத கண்டுபுடிச்சிருக்கான். நம்ம பதிப்புல கரண்டு இல்லாத ஊருக்கு நீதான நிருபர்?"

பாதி வழியில் நின்ற ஜீப்

பெட்டி ஆலங்காயம் வரை பஸ்ஸில் வந்தது. அங்கே நான் போய் வாங்கிக்கொள்ள, சின்னக்கண்ணுவின் ஜீப்பில் ஏறியது. சின்னக்கண்ணுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையில் ஷேர் ஜீப் ஓட்டுபவர், நாற்பதைத் தொட்டவர். எங்கள் ஊருக்குப் பஸ் வரும், ஆனால் அது வரும் நேரம் அதற்கே தெரியாது. ஆகவே சின்னக்கண்ணு இல்லாமல் நான் நிருபர் இல்லை. முன் சீட்டில், ஜன்னலோரம் எனக்கென்று ஓர் இடம் வைத்திருப்பார். அந்த இடத்தில் புளி மூட்டை இருந்தால், மூட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு என்னை உட்கார வைப்பார். இது மலையில் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை.

அன்று என் மடியில் இருந்த பெட்டியின் படத்தைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். நடு ஏற்றத்தில் பிரேக் போட்டுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் யானை வந்துவிட்டதாக நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"சார், இது வந்துட்சா!" என்று பெட்டியைத் தடவினார். ஆலங்காயத்தில் ஜீப் நிரம்புகிற வரை போனில் விளையாடுவதுதான் அவர் பொழுதுபோக்கு. ஜெயிக்கப் போகிற நேரம் பார்த்து, "அண்ணா, கெளம்பிட்டியா?" என்று யாராவது போனில் கூப்பிட்டுவிடுவார்கள். ஆட்டம் போச்சு. அவருக்கு இந்த மிஷினில் பிடித்தது படமோ வேகமோ அல்ல. பின் சீட்டுக்காரர்கள் திட்டத் தொடங்கிய பிறகும் வண்டியை எடுக்காமல் என்னிடம் அந்த ரகசியத்தைச் சொன்னார்: "சார், இதுல போன் வராது சார்!"

பூங்கொடி போட்ட சட்டம்

வாங்க வேண்டியதுதானே என்று கேட்டேன். வாங்க முடியாதாம். சின்னக்கண்ணுவின் மனைவி பூங்கொடி பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்கு என்ன வர வேண்டும், என்ன வரக் கூடாது என்பது அவர் முடிவு. காரணம் இருக்கிறது. வீடியோக்களை நம்பி சின்னக்கண்ணு ஏற்கெனவே ஒரு தொப்பை குறைக்கும் பெல்ட்டும், ஜீப்பை நுரையாலேயே கழுவும் துப்பாக்கியும் வாங்கியவர். இரண்டும் பரணில் இருக்கின்றன. தொப்பை ஜீப்பில் இருக்கிறது.

எனவே பூங்கொடி ஒரு சட்டம் போட்டிருந்தார். இனிமேல் வீடியோவில் சொன்னால் செல்லாது. பேப்பரில் "வாங்கலாம்" என்று வந்தால்தான் வாங்கலாம். ஒரு கன்சோலைப் பற்றி எங்கள் பேப்பர் எந்தக் காலத்திலும் எழுதப் போவதில்லை என்ற நம்பிக்கையில் போட்ட சட்டம் அது. இப்போது அந்தப் பேப்பர்க்காரனே மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். நிலைமை எனக்குப் புரிந்தது. "வேண்டாம்" என்று எழுதினால் ஜீப் போய்விடும். "வாங்கலாம்" என்று எழுதினால் டீ போய்விடும். ஊரில் குடிக்கிற மாதிரி டீ அந்த ஒரு கடையில்தான். இதெல்லாம் தெரிந்தவர் போல, இறங்கும்போது சின்னக்கண்ணு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன் சார். நீங்களா பாத்து நல்லதா எழுதுங்க. நாளைக்கி எத்தினி மணிக்கி வண்டி வோணும்?"

வேளாண்மைப் பக்கம்

அடுத்த வாரம் கட்டுரை வரும் என்று முன்னறிவிப்பாக நாலு வரி அனுப்பினேன்: "புதிய ஹைப்ரிட் வந்துவிட்டது! வாங்கலாமா? ஜவ்வாது மலையில் சோதித்துக்கொண்டிருக்கிறோம்." பக்கம் பார்ப்பவர் கார்த்தி என்ற புது உதவி ஆசிரியர். சுறுசுறுப்பான ஆள். "ஹைப்ரிட்", "மலை" என்ற இரண்டு வார்த்தைகளைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. வேளாண்மைப் பக்கத்தில், மக்காச்சோளக் கதிர் படத்தோடு போட்டுவிட்டார்.

எங்கள் மலையில் ஹைப்ரிட் என்றால் விதை. வேளாண்மைத் துறைக்காரர்கள் அதை வீரிய ஒட்டு ரகம் என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஒட்டு ரகம். இந்த வருஷம் விளைந்ததில் விதை எடுத்து வைத்து அடுத்த வருஷம் விதைத்தால் சரியாக வராது, மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே அந்தப் பேரைக் கேட்டாலே ஒரு ஆசையும் ஒரு சந்தேகமும் சேர்ந்து வரும். காலையிலேயே பக்கத்து ஊர் கோவிந்தன், சாமை போடும் விவசாயி, பேப்பரோடு வந்துவிட்டார்.

"மலைல சோதிக்கறாங்கன்னு போட்டுகீதே, யார் கொல்லைல சார்?"

"என் வூட்லதான்."

"வூட்லயா? தொட்டியிலயா வெச்சிகீறீங்க?"

"இல்லீங்க, மேஜை மேல."

"எத்தினி நாள் தாங்கும்?"

"ஒரு சார்ஜுக்கு மூணு மணி நேரம்."

கோவிந்தன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மிஷினை எடுத்துக் காட்டினேன். கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார், திருப்பி முகர்ந்தும் பார்த்தார். விளையாட்டுச் சாமான் என்று புரிந்ததும் அவர் முகத்தில் வந்தது ஏமாற்றம் அல்ல, பரிதாபம். "வெளாட்டு சாமான்லயும் ஹைப்ரிட்டு வுட்டுட்டானுங்களா? இதுல நாட்டு ரகம் கெடைக்காதா சார்?"

இரண்டு டிரைவர்கள்

கையில் எடுத்துப் போகும் மிஷினைப் பயணத்தில் சோதிக்க வேண்டும் அல்லவா? அதிசயமாக நேரத்துக்கு வந்த போளூர் பஸ்ஸில் ஏறி, கார் பந்தயத்தை ஆரம்பித்தேன். மிஷினைச் சாய்த்தால் கார் திரும்பும். நல்ல வசதிதான். ஆனால் இதைச் செய்தவர்கள் எங்கள் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்ததில்லை. பஸ் வலப்பக்கம் சாய, நான் சாய, மிஷின் சாய, என் கார் மதிலில் மோதியது. அதைத் திருப்ப நான் இடப்பக்கம் சாய்ந்தேன். பஸ்ஸும் இடப்பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த அம்மாள் மடியில் பலாப்பழம். நான் அதன் மேல் சாய்ந்தேன்.

அடுத்த வளைவில் "பிடி, பிடி, ஒடி!" என்று நானே கத்திவிட்டேனாம். எனக்கு நினைவில்லை. முன்னால் டிரைவர் திடுக்கிட்டு, எதிரே ஏதோ வண்டி வருகிறதென்று ஓரம் கட்டினார். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மிஷினையும் என்னையும் பலாப்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், ஓட்றதுக்கு முன்னாடி ஒருத்தர் கீறாரு. நீங்க கம்னு வாங்க."

சிக்னல் பாறை

ஆட்டத்துக்கு உள்ளே போனால், "புதுப்பிக்க வேண்டும்" என்று மிஷின் அடம்பிடித்தது. வாங்கி வந்த ஆட்டத்தை ஆட, இன்னொரு தடவை ஆகாயத்திலிருந்து இறக்க வேண்டுமாம். என் வீட்டில் சிக்னல் ஜன்னல் கம்பி வரைதான் வரும். ஊருக்கு வெளியே ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் நின்றால் போனில் கோடுகள் முழுசாகத் தெரியும். காதலிப்பவர்கள், கடன் கேட்பவர்கள், நிருபர்கள் எல்லாரும் அங்கேதான் ஏறுவார்கள். நானும் ஏறி, போனிலிருந்து மிஷினுக்குத் தொடுப்பு கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ரேஷன் கடை விற்பனையாளர் கைரேகை மிஷினோடு பாறைக்கு வந்தார். அவர் பின்னால் பையும் கையுமாக ஒரு வரிசை. கடையில் சிக்னல் கிடைக்காத நாளில் இங்கே வந்து விரல் வைத்துவிட்டு, அங்கே போய் அரிசி வாங்குவது வழக்கம். ஒருவர் விரல் வைத்தார். மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை துடைத்துவிட்டு வைத்தார். அப்போதும் சுற்றியது. விற்பனையாளர் பாறையைச் சுற்றிப் பார்த்தார். மேலே என் கையில் பச்சைக் கோடு ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தது. வரிசை மொத்தமும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மிஷினைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தேன், அது அகலமாக இருந்து தொலைத்தது. "சார், உங்களுது துன்னு முடிச்சதும் ஒரு குரல் குடுங்க. ஜனம் துன்றதுக்கு அரிசி போடணும்."

கேட்காத வடை

பூங்கொடி என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் கடையில் போய் உட்கார்ந்தால் டீ வழக்கத்தைவிடத் திக்காக வந்தது. கேட்காமலே ஒரு வடை வந்தது. அது முடிவதற்குள் ஓரம் முறுகலான இன்னொன்று வந்தது. சட்னி தனிக் கிண்ணத்தில் வந்தது. நான் இத்தனை வருஷமாக லஞ்சச் செய்தி எழுதியிருக்கிறேன். லஞ்சம் தேங்காய்ச் சட்னியோடு வந்து பார்த்ததில்லை.

வெளியே சின்னக்கண்ணு ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன் சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தார், பூப்போட்டது. போகிற போக்கில், "சார் சீட்டு" என்று யாருக்கோ சத்தமாகச் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.

பூங்கொடி கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். "அண்ணா, வோணாம்னு எழுதுங்கன்னு நான் சொல்லல. பேப்பர்னா உண்மையதான் எழுதணும். நீங்க உண்மைய எழுதுங்க." நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் வடைத் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். "உண்மை இன்னான்னா, வோணாம்."

ஒரு வரி முடிவு

கட்டுரையை எழுதினேன். படம் பளிச்சென்று இருக்கிறது, நல்லது. சார்ஜ் மதியம் வரை தாங்காது, கெட்டது. கைக்கு அடக்கம், நல்லது. ஆட்டங்களின் விலை கைக்கு அடங்காது, கெட்டது. கரண்டு போனாலும் ஆடலாம், நல்லது. சிக்னல் போனால் சில ஆட்டங்களைத் தொடங்கவே முடியாது, கெட்டது. போன் வராது என்பதை நல்லதில் சேர்ப்பதா கெட்டதில் சேர்ப்பதா என்று தெரியாமல் நடுவில் வைத்தேன். இப்படி ஒரு பக்கம் ஜீப், ஒரு பக்கம் வடை என்று ஆடாமல் அசையாமல் கட்டுரை நின்றது. அனுப்பிவிட்டேன்.

பொறுப்பாசிரியர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். குரலில் சர்க்கரை. நான் இந்தத் தொழிலில் அறிந்த ஆபத்தான ஓசை அதுதான். "நல்லா எழுதியிருக்கய்யா. பஞ்சாயத்துல சொம்பு ரெண்டு பக்கமும் போற மாதிரி. பகுதியோட பேரு இன்னா? 'வாங்கலாமா?' அதுக்கு பதில் எங்க? கடைசில ஒரே ஒரு வரில முடிவு எழுது, அனுப்பு."

கடைசி வரி

செய்தித்தாள்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. இடம் போதாவிட்டால் பக்கம் பார்ப்பவர் கட்டுரையைக் கீழிருந்து வெட்டுவார். கடைசிப் பாராதான் முதலில் போகும். மலைச் செய்திகளில் என் கடைசிப் பாரா அச்சான நாள் எனக்கு நினைவில்லை. கரடி வந்தது என்று போடுவார்கள், போய்விட்டது என்பதை வெட்டிவிடுவார்கள். மக்கள் ஒரு வாரம் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அந்தக் கத்திரிக்கோலை நான் அதுவரை சபித்தே வந்திருக்கிறேன். அன்று கும்பிட்டேன். முடிவைக் கடைசி வரியாக எழுதுவேன். கார்த்தி வெட்டுவார். பொறுப்பாசிரியர் கேட்டால் எழுதினேன் என்பேன். சின்னக்கண்ணுவும் பூங்கொடியும் கேட்டால், ஆபீஸில் வெட்டிவிட்டார்கள் என்பேன். டீயும் தப்பும், ஜீப்பும் தப்பும். எப்படியும் அச்சாகப் போவதில்லை என்ற தைரியத்தில், மனதில் இருந்ததை அப்படியே எழுதினேன்: "வாங்குவதா, வேண்டாமா என்பதைப் பூங்கொடியைக் கேட்டு முடிவு செய்யவும்." அனுப்பிவிட்டு, வெட்டு நிச்சயம்தானா என்று பார்க்க கார்த்தியைக் கூப்பிட்டேன். பக்கம் நிறைய விளம்பரம் என்றார். என் காதில் தேன் பாய்ந்தது. "கவலப்படாதீங்க சார், ஒரு நகைக்கடை விளம்பரம் பாதிப் பக்கம் அடைச்சிட்டு நிக்குது. உங்க மேட்டர்ல நெறைய வெட்டுல போயிரும்."

நகைக்கடை கைவிட்டது

காலையில் பேப்பரைப் பிரித்தேன். நகைக்கடை இல்லை. கடைசி நேரத்தில் விளம்பரத்தை அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டார்களாம். பாதிப் பக்கம் காலி. என் கட்டுரை ஒரு புள்ளி குறையாமல் வந்திருந்தது. அப்படியும் இடம் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சிய இடத்தை நிரப்ப, கார்த்தி என் கடைசி வரியை எடுத்துப் பெட்டி கட்டி, கொட்டை எழுத்தில், பக்கத்தின் நடுவில் வைத்திருந்தார்: "வாங்குவதா, வேண்டாமா என்பதைத் தொழில்நுட்ப நிபுணர் பூங்கொடியைக் கேட்டு முடிவு செய்யவும்."

பாறைக்கு ஓடி கார்த்தியைக் கூப்பிட்டேன். தொழில்நுட்ப நிபுணரா? அதை எங்கே பிடித்தார்? கார்த்தி பாராட்டை எதிர்பார்த்த குரலில் பதில் சொன்னார். "வெறும் பூங்கொடின்னு போட்டா யாரோன்னு நெனப்பாங்க சார். பதவிய நான்தான் சேத்தேன்."

நிபுணர் கடை

அன்று நான் டீ குடிக்கப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் போனேன், கடையில் உட்கார இடம் இல்லை. ஒரு பெண் இரண்டு மிக்ஸி விளம்பரங்களை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். ஒருவர் பவர் டில்லரைப் பற்றிக் கேட்டார். திருப்பத்தூரிலிருந்து ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கே போன் செய்து, நிபுணரம்மா எந்தக் கிழமை பார்ப்பார் என்று விசாரித்தாராம். பூங்கொடி டீ ஆற்றிக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இப்ப கீறது கெட்டுப் போச்சா?" இல்லை என்றால் அடுத்த ஆள்.

நான் பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். "அண்ணா!" என்று கூப்பிட்டார். ஒரு ஓரத்தில் சின்னக்கண்ணு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல் கை கட்டி நின்றார். கணவர் ஆசைப்பட்ட பொருளுக்கு மனைவியிடமே தீர்ப்பு கேட்டு ஊருக்கே அறிவித்துவிட்டேன். என் முன் சீட்டு என்னவாகும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பூங்கொடி டம்ளரை என் முன் வைத்தார். டீ இருந்தது. வடை இல்லை. "பேரப் போட்டுட்டீங்க. பதவியும் குடுத்துட்டீங்க. சாமானக் கண்ணுல காட்டாம நான் எப்பிடி முடிவு சொல்றது? சாயங்காலம் வூட்டுக்கு எத்துனு வாங்க."

பரீட்சை

சாயங்காலம் மிஷினையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் கோவிந்தன் உட்பட நாலைந்து பேர் முடிவு தெரிந்துகொள்ள நின்றார்கள். பூங்கொடி மிஷினைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார், புளி வாங்குபவர் பார்ப்பது போல. பிறகு கணவரிடம் கொடுத்து ஆடச் சொன்னார். சின்னக்கண்ணு ஆடத் தொடங்கினார். பூங்கொடி கொஞ்சம் பொறுத்து, "யோவ், தண்ணி மோட்டார நிறுத்து" என்றார். பதில் இல்லை. "உங்க அம்மா வந்துகீறாங்க." அதற்கும் பதில் இல்லை. என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோங்க அண்ணா, காது அடைக்குது" என்றார். சின்னக்கண்ணுவுக்கு அதுவும் கேட்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதை நான் ஜீப்பில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அடுத்தது டி.வி. சோதனை. அது தப்பான நேரம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் மருமகளை அறையக் கையை ஓங்கியிருந்தார். நான் ஸ்டாண்டை டி.வி.யில் இணைத்து மிஷினைச் சொருகினேன். ஓங்கிய கை மறைந்து, ஒரு சிவப்பு கார் உறுமிக்கொண்டு வந்தது. ஹைப்ரிட் என்றால் என்னவென்று பூங்கொடிக்கு அந்த நொடியில் முழுசாக விளங்கியது. வாசலில் நின்றவர்கள் இரண்டு படி பின்னால் போனார்கள். சின்னக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். பரணில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் தன் ஆசையைத் தானே தூக்கி வைத்துவிட்டவர் போல இருந்தார்.

பூங்கொடி எழுந்து போய், ஸ்டாண்டிலிருந்து மிஷினைப் பிடுங்கினார். டி.வி.யை மறுபடியும் சீரியலுக்கு மாற்றினார். அறை விழுந்து முடிந்து, மருமகள் அழுதுகொண்டிருந்தாள். "யாரும்மே அது, நல்லவளா கெட்டவளா?" என்று சின்னக்கண்ணு பழக்க தோஷத்தில் கேட்டார். பூங்கொடி அவரைப் பார்த்தார். கையில் இருந்த மிஷினைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விதான் சின்னக்கண்ணுவைக் காப்பாற்றியது.

"தெனம் இதே தொல்ல அண்ணா. யாரு நல்லவ, யாரு கெட்டவ, அவ ஏன் அழுவறா. ஒரு சீரியல உருப்படியா பாத்ததில்ல" என்றார். மிஷினைக் கணவர் கையில் வைத்தார். ஸ்டாண்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி தீர்ப்பு சொன்னார். "வாங்கலாம். ஆனா ஹைப்ரிட்டா வோணாம், நாட்டு ரகமாவே இருக்கட்டும். டி.வி.ல ஒட்டுனாத்தான அது ஒட்டு ரகம்? ஒட்டாத. கைல வெச்சினு ஜீப்புலயே கெட."

இரவல் மிஷின் கடைக்காரரிடம் திரும்பிப் போனது, சின்னக்கண்ணு சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார். ஆலங்காயத்தில் ஜீப் நிரம்பிய பிறகும் கிளம்புவதில்லை என்று இப்போது ஒரு புகார் இருக்கிறது, அதை நான் செய்தியாக்கவில்லை. என் முன் சீட்டு பத்திரம், பூப்போட்ட உறையோடு. டீயும் பத்திரம், வடைக்கு மட்டும் காசு. அவர் வாங்கியதோடு வந்த டி.வி. ஸ்டாண்டு பூங்கொடியின் கடையில் இருக்கிறது. அதன் நடுவில் இருக்கும் பிளவு, வடை மடிக்கக் கிழித்த பேப்பரைச் சொருகி வைக்க அளவெடுத்தது போலப் பொருந்தியிருக்கிறது. போன வாரம் அதிலிருந்து ஒரு தாளை உருவி, எனக்கு வடை மடித்துக் கொடுத்தார். எண்ணெய்க் கறைக்கு நடுவே கொட்டை எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தி தெரிந்தது.

இத்தனை வருஷ எழுத்தில் ஒரு பொருளை வாங்கலாமா, வேண்டாமா என்பதற்கு நான் சரியான பதில் எழுதியது ஒரே ஒரு தடவைதான், அதையும் வெட்டிவிடுவார்கள் என்று நம்பித்தான் எழுதினேன்.